யாருக்கும் சொந்தமில்லாத வீரர்கள்: கிரேக்கத் தொன்மமும் அதன் ரசிகர்களும்

கி.பி. 14 முதல் 37 வரை ரோமை ஆண்ட பேரரசர் திபேரியஸுக்கு ஒரு விசித்திரமான பொழுதுபோக்கு இருந்தது. தம்மைச் சூழ்ந்திருந்த இலக்கண அறிஞர்களை அவர் கேள்வி கேட்டு மடக்குவார். டிராய் அரசி ஹெக்குபாவின் தாய் யார்? பெண்வேடமிட்டுக் கன்னியரிடையே ஒளிந்திருந்த நாள்களில் அக்கிலீஸை என்ன பெயரிட்டு அழைத்தார்கள்? சைரன்கள் வழக்கமாகப் பாடும் பாட்டு எது? வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் இதைப் பேரரசரின் அசட்டுத்தனங்களில் ஒன்றாகவே குறித்துவைத்தார். முதல் இரண்டு கேள்விகளுக்கும் ஹோமரிடம் விடை இல்லை. மூன்றாவதற்கு அரைகுறை விடைதான் உண்டு. விடை இல்லாத இடங்களைத் தேடித் துருவுவதில்தான் திபேரியஸுக்குச் சுவை.

இன்று கிரேக்க வீரர்களைக் கொண்டாடும் இளைஞர்கள் செய்வதும் ஏறத்தாழ இதுவே. மேடலின் மில்லரின் ‘அக்கிலீஸின் பாடல்’ நாவல் 2011இல் வெளிவந்து மறு ஆண்டே ஆரஞ்சு பரிசைப் பெற்றது. பத்தாண்டுகள் கழித்து, டிக்டாக்கில் வாசகர்கள் அதைப் படித்து அழுது வீடியோ போட, விற்பனைப் பட்டியலுக்கு மீண்டும் ஏறியது. சூப்பர்ஜயன்ட் நிறுவனம் 2020இல் முழுமையாக வெளியிட்ட ‘ஹேடீஸ்’ வீடியோ கேம், பாதாள உலகில் அக்கிலீஸை ஆசானாக வைத்தது. ரிக் ரியோர்டன் 2005இல் தொடங்கிய பெர்சி ஜாக்சன் நாவல் வரிசை ஒரு தலைமுறைச் சிறுவர்களுக்கு ஒலிம்பஸின் வாசலைத் திறந்துவிட்டது. ஹோர்ஹே ரிவேரா எர்ரான்ஸ் என்ற இளம் இசையமைப்பாளர் ஒடிசியை நாற்பது பாடல்களாக்கி, 2022 கிறிஸ்துமஸில் தொடங்கி 2024 கிறிஸ்துமஸில் முடித்தார். ரசிகர்கள் அப்பாடல்களுக்குத் தாமே சித்திரம் வரைந்து அசையும் படங்களாக்கினார்கள்.

இதைக் கண்டு முகம் சுளிப்போர் உண்டு. மூலத்தைப் படிக்காமலே கொண்டாடுகிறார்கள், இல்லாததைச் சேர்க்கிறார்கள், தங்கள் காதலையும் கண்ணீரையும் மூவாயிரம் ஆண்டு பழைய கதைமேல் ஏற்றுகிறார்கள் என்பது அவர்களின் புகார். அந்தப் புகாரின் அடித்தளம் ஆட்டம் காண்கிறது என்பதே என் வாதம். ரசிகர்கள் கைவைத்ததால்தான் கிரேக்க வீரர்கள் இவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறார்கள். அதே வேளையில், பழைய ரசிகருக்கும் புதிய ரசிகருக்கும் இடையே ஓர் உண்மையான வேறுபாடும் இருக்கிறது. அது மூலத்துக்கு விசுவாசமாக இருப்பதைப் பற்றியதன்று, அச்சத்தைப் பற்றியது.

முடிவான வடிவம் இல்லாத கதை

அக்கிலீஸைப் பற்றிப் பலருக்கும் தெரிந்த செய்தி அவன் குதிகால். தாய் தீட்டிஸ் அவனை ஸ்டிக்ஸ் ஆற்றில் முக்கியெடுத்தாள், பிடித்திருந்த குதிகால் மட்டும் நனையவில்லை, அங்கே அம்பு பாய்ந்து இறந்தான் என்பார்கள். இலியட்டில் இது கிடையாது. அங்கே அக்கிலீஸ் எல்லாரையும் போலக் காயப்படக்கூடியவன். ஒரு சண்டையில் முழங்கைக்கருகே ஈட்டி உரசி இரத்தமும் வருகிறது. ஆற்றில் முக்கிய கதை நமக்கு எழுத்தில் முதலில் கிடைப்பது, முதலாம் நூற்றாண்டின் கடைசியில் ரோமக் கவிஞர் ஸ்டேஷியஸ் முடிக்காமல் விட்டுச்சென்ற காவியத்தில். ஹோமருக்கும் அவருக்கும் இடையே ஏழு நூற்றாண்டுகளுக்கு மேல் கிடக்கின்றன.

இலியட் தன்னளவிலேயே இடைவெளிகள் மிகுந்த நூல். பத்தாண்டுப் போரில் அது பாடுவது சில வாரங்களை மட்டும். ஹெலன் கவரப்பட்டதும் மரக்குதிரை வந்ததும் அக்கிலீஸ் இறந்ததும் அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. அந்த இடைவெளிகளை நிரப்பப் பிற கவிஞர்கள் வேறு காவியங்கள் பாடினார்கள். அவற்றில் பெரும்பாலானவை அழிந்துபோய், சுருக்கங்களும் சிதறல்களுமே மிஞ்சியுள்ளன.

கிரேக்கர்களிடம் கதையின் சரியான வடிவம் இதுதான் என்று தீர்ப்பளிக்கும் மறைநூலோ குருபீடமோ இருக்கவில்லை. ஒவ்வொரு நகரமும் தனக்கு வேண்டிய வகையில் சொன்னது. ஏதென்ஸ் நகரத்தின் டயோனிசஸ் விழாவில் நாடகாசிரியர்கள் ஒருவரோடொருவர் போட்டியிட்டார்கள். பார்வையாளருக்குக் கதை ஏற்கெனவே தெரியும் என்பதால், தெரிந்த கதையை எப்படித் திருப்புகிறார்கள் என்பதில்தான் வெற்றி. மெடியாவின் குழந்தைகளைக் கொரிந்த் நகரத்தார் கொன்றதாக ஒரு வழக்கு இருந்தது. கி.மு. 431இல் யூரிப்பிடீஸ் தம் நாடகத்தில் தாயின் கையிலேயே வாளைக் கொடுத்தார். அந்த ஆண்டு அவருக்கு மூன்றாம் இடந்தான் கிடைத்தது. பின்வந்த உலகமோ அவர் சொன்னதையே மெடியாவின் கதையாக ஏற்றுக்கொண்டது. அவரே கி.மு. 412இல் ஹெலன் டிராய்க்குப் போகவேயில்லை, எகிப்தில் கற்போடு காத்திருந்தாள், போனது அவளுடைய மாயவுரு என்று இன்னொரு நாடகம் எழுதினார். பத்தாண்டுப் போரே ஒரு நிழலுக்காக நடந்தது என்றாகிவிட்டது. இன்றைய ரசிகப் புனைவு எழுத்தாளர் எவரும் இவ்வளவு துணிந்து மூலத்தைப் புரட்டியதாகத் தெரியவில்லை.

ஒப்பிட்டுச் சுவைக்கும் ரசிகரும் அன்றே இருந்தார். முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த சொற்பொழிவாளர் டியோ கிரிசோஸ்டம், ஈஸ்கிலஸ், சோஃபக்ளீஸ், யூரிப்பிடீஸ் மூவரும் ஒரே வீரனைப் பற்றி எழுதிய ‘ஃபிலோக்டீட்டீஸ்’ நாடகங்களை ஒரே அமர்வில் படித்து, யார் எதை எப்படிக் கையாண்டார் என்று ஒரு கட்டுரையே எழுதினார். உடல்நலமில்லாத ஒரு காலையில் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட விருந்தாக அதை வருணிக்கிறார். மூன்றில் சோஃபக்ளீஸுடையது மட்டுமே இன்று முழுமையாக இருக்கிறது. மற்ற இரண்டையும் நாம் அறிய டியோ போன்ற ரசிகரின் குறிப்புகளையே நம்பவேண்டியிருக்கிறது.

இந்த வரலாற்றிலிருந்து நடைமுறையில் ஒரு விளைவும் பிறக்கிறது. இன்றைய பெரும்பாலான கற்பனைப் பாத்திரங்களுக்கு உரிமையாளர் உண்டு. ஹாரி பாட்டரை வைத்து ஒருவர் கதை எழுதினால் அதை இணையத்தில் இலவசமாகப் பகிரலாம், கடையில் விற்க முடியாது. அக்கிலீஸுக்குக் காப்புரிமை கிடையாது. ஆகவே, ஒரு ரசிகர் ஆசையில் எழுதியது நேரே பதிப்பகத்துக்கும் விருதுக்கும் போகலாம். மில்லர் பிரௌன் பல்கலைக்கழகத்தில் செவ்வியல் மொழிகள் படித்தவர். பள்ளியில் லத்தீனும் கிரேக்கமும் கற்பித்துக்கொண்டே பத்தாண்டுகள் அந்த நாவலை எழுதினார். மூலத்தில் ஓரமாய் நிற்கும் ஒருவனைக் கதைசொல்லியாக்குவது, இரு பாத்திரங்களின் உறவை ஊகித்து விரிப்பது, சொல்லப்படாத இளமைக் காலத்தை நிரப்புவது ஆகிய அவருடைய உத்திகள் எல்லாம் ரசிகப் புனைவின் உத்திகளே. கிரேக்கத் தொன்மத்தில் ரசிகருக்கும் ஆசிரியருக்கும் நடுவே வேலி எழுப்ப யாருக்கும் அதிகாரம் இல்லை.

பாட்ரோக்ளஸ் வழக்கு

இன்றைய ரசிகர்களின் மிகப் பெரிய சர்ச்சை அக்கிலீஸும் பாட்ரோக்ளஸும் யார் என்பது. தோழர்களா, காதலர்களா? 2004இல் வெளிவந்த ‘டிராய்’ திரைப்படம் பாட்ரோக்ளஸை உறவுக்காரத் தம்பியாக்கிக் கேள்வியையே தவிர்த்துவிட்டது. மில்லரின் நாவல் அவர்களைக் காதலர்களாக்கியது. ‘ஹேடீஸ்’ விளையாட்டில் இறந்தபின் பிரிந்து கிடக்கும் இருவரையும் மீண்டும் சேர்த்துவைப்பது விளையாடுபவரின் கையில் விடப்பட்டுள்ளது. நவீனக் காலம் தன் ஆசையைப் பழைய கதைமேல் திணிக்கிறது என்று குற்றம் சாட்டுவோர் முதலில் ஏதென்ஸுக்குப் போய்ப் பார்க்கவேண்டும்.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஈஸ்கிலஸ் எழுதி இன்று சிதறல்களாக மட்டும் எஞ்சியுள்ள ‘மிர்மிடோன்கள்’ நாடகத்தில், தோழனின் பிணத்தின்முன் அக்கிலீஸ் உடலின்பத்தை நினைத்து வெளிப்படையாகவே புலம்புகிறான். அடுத்த நூற்றாண்டில் பிளேட்டோ தம் ‘சிம்போசியம்’ நூலில் ஃபீட்ரஸ் என்பவரைப் பேசவைக்கிறார். இருவரும் காதலர்கள் என்பதில் ஃபீட்ரஸுக்கு ஐயமில்லை. அவருடைய கோபமெல்லாம் ஈஸ்கிலஸ் வரிசையை மாற்றிவிட்டார் என்பதில்தான். கிரேக்க வழக்கப்படி மூத்தவன் காதலிப்பவன், இளையவன் காதலிக்கப்படுபவன். அக்கிலீஸ் இளையவன், தாடி முளைக்காதவன், எல்லா வீரரிலும் அழகன்; எனவே அவன் காதலிக்கப்பட்டவனாகவே இருக்கமுடியும் என்று ஃபீட்ரஸ் ஹோமரைச் சான்று காட்டி வாதிடுகிறார். செனஃபோன் தம் ‘சிம்போசியம்’ நூலில் சாக்ரட்டீஸை எதிர்த்தரப்பில் நிறுத்துகிறார்: அவர்கள் தோழர்கள் மட்டுமே, ஹோமர் அதைத்தான் போற்றினார். கி.மு. 345 அளவில் நீதிமன்றத்தில் பேசிய ஈஸ்கினீஸ், ஹோமர் அந்தக் காதலுக்குப் பெயர் சூட்டாமல் மறைத்தார், படித்தவர்களுக்கு அது தானே விளங்கும் என்று நினைத்தார் என்றார்.

வரிகளுக்கிடையே படிப்பது, ஆசிரியர் சொல்லாமல் விட்டதைச் சான்றாக்குவது, எதிர்த்தரப்பு மேற்கோளைத் தன் பக்கம் திருப்புவது ஆகிய இன்றைய விவாத முறைகள் யாவும் இந்த நான்கு குரல்களிலும் இருக்கின்றன. இலியட் இருவர் எலும்பையும் ஒரே பொற்கலத்தில் இடும்படி பாட்ரோக்ளஸின் ஆவியைக் கேட்கவைக்கிறது. அதே இலியட் இன்னோர் இரவில் இருவரையும் தனித்தனியே சிறைப்பட்ட பெண்களோடு உறங்கவைக்கிறது. காவியம் இரு தரப்புக்கும் சான்று தருகிறது, தீர்ப்பு தருவதில்லை. அந்த மௌனம் இருக்கும்வரை வழக்கு நடந்துகொண்டேயிருக்கும்.

இங்கே காதல் உண்டா என்ற கேள்வியைவிட, எந்த வகைக் காதல் என்பதே முக்கியமான மாற்றத்தைக் காட்டுகிறது. ஃபீட்ரஸுக்கு அது ஒரு சமூகப் படிநிலை. யார் மேல், யார் கீழ் என்பதே அவருடைய கவலை. மில்லரின் வாசகருக்கு அது ஒருவரையொருவர் முழுமையாக அறிந்த இரு சம வயதினரின் அன்பு. நாவலின் பாட்ரோக்ளஸ் போரில் நாட்டமில்லாத, காயத்துக்கு மருந்திடும் இளைஞன். இதற்கு விதை ஹோமரிடமே இருக்கிறது. இலியட்டின் பதினோராம் பகுதியில் அவன் யூரிப்பிலஸ் என்ற வீரனின் தொடையிலிருந்து அம்பை அறுத்தெடுத்து மூலிகை வைக்கிறான். எல்லாரிடமும் கனிவாக நடக்கத் தெரிந்தவன் என்று தோழர்கள் அவனைப் பற்றிச் சொல்கிறார்கள். ஆனால், அதே பாட்ரோக்ளஸ் பதினாறாம் பகுதியில் ஜீயஸின் மகன் சார்பீடன் உட்பட டிராய் தரப்பு வீரர்களைக் கொன்று குவிக்கிறான். புதிய ரசனை மருந்திடும் கையைப் பெரிதாக்கிக் கொல்லும் கையைச் சிறிதாக்கிக்கொண்டது.

வீரன் வழிபடப்பட்ட காலம்

பழைய கிரேக்க உலகில் வீரன் என்பவன் முதலில் இறந்தவன். அவனுக்குக் கல்லறை உண்டு, அங்கே பலி உண்டு, அவன் ஊருக்கு நன்மையும் செய்வான், கேடும் செய்வான். நடுகல் மரபை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். வீரனாக வழிபடப்பட அவன் நல்லவனாக இருந்திருக்கவேண்டியதில்லை. பவுசேனியஸ் என்ற பயண எழுத்தாளர் சொல்லும் கிளியோமிடீஸின் கதை இதற்குச் சான்று. அஸ்டிபலேயா தீவைச் சேர்ந்த அந்தக் குத்துச்சண்டைக்காரன் ஒலிம்பியாவில் எதிராளியைக் கொன்று, பரிசு மறுக்கப்பட்டு, புத்தி பேதலித்து ஊர் திரும்பினான். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தின் தூணைப் பெயர்த்துச் சுமார் அறுபது சிறுவர்கள்மேல் கூரையைச் சாய்த்தான். ஊரார் கல்லெறிந்து துரத்த, அத்தீனா கோயிலில் ஒரு பெட்டிக்குள் புகுந்து மூடிக்கொண்டான். உடைத்துப் பார்த்தால் உள்ளே யாரும் இல்லை. டெல்ஃபியில் குறிகேட்டபோது, அவனே வீரர்களில் கடைசியானவன், அவனுக்குப் பலியிடுங்கள் என்று விடை வந்தது.

வீரனின் எலும்பு அரசியல் செல்வமாகவும் இருந்தது. கி.மு. 470களில் ஏதென்ஸ் தளபதி சைமன் ஸ்கைரோஸ் தீவில் ஒரு பெரிய உடலின் எலும்புகளையும் வெண்கல ஈட்டியையும் வாளையும் கண்டெடுத்து, இது தம் நகரின் வீரன் தீசியஸ் என்று அறிவித்து ஏதென்ஸுக்குக் கொண்டுவந்தார். ஊரே திரண்டு வரவேற்றதாகப் புளூட்டார்க் எழுதுகிறார். இப்படி வணங்கப்பட்ட பேரெலும்புகளில் பல, அழிந்துபோன பெருவிலங்குகளின் புதைபடிவங்களாக இருந்திருக்கலாம் என்று அட்ரியன் மேயர் 2000இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார்.

அக்கிலீஸுக்கோ ஒரு தீவே இருந்தது. கருங்கடலில் இன்று உக்ரைனுக்குச் சொந்தமான பாம்புத் தீவைப் பழையோர் வெண்தீவு என்றார்கள். அங்கே அவனுக்குக் கோயில் இருந்தது. இரண்டாம் நூற்றாண்டில் ஆரியன் பேரரசர் ஹேட்ரியனுக்கு எழுதிய கடற்பயண அறிக்கையில், கடற்பறவைகள் சிறகை நனைத்துவந்து கோயிலைத் தெளித்துப் பெருக்குவதாகக் கேள்விப்பட்டதைச் சொல்கிறார். மாலுமிகளின் கனவில் அக்கிலீஸ் தோன்றி எங்கே நங்கூரமிடுவது என்று காட்டுவானாம். சிலருக்குப் பாட்ரோக்ளஸும் தோன்றுவானாம். அருகிலிருந்த ஓல்பியா நகரத்துக்கு முதலாம் நூற்றாண்டின் இறுதியில் போன டியோ, அங்குள்ளோர் சுற்றிலும் வேற்றினத்தார் சூழ வாழ்வதால் அவர்களின் கிரேக்கம் திருத்தமாக இல்லை, எனினும் ஏறக்குறைய எல்லாருக்கும் இலியட் மனப்பாடம் என்று வியக்கிறார்.

இதே தீவைப் பற்றி மூன்றாம் நூற்றாண்டின் ஃபிலோஸ்ட்ரேட்டஸ் சொல்லும் கதை வேறு வகையானது. டிராயில் உள்ள ஒரு பெண்ணை வாங்கிவரும்படி அக்கிலீஸ் ஒரு வணிகனிடம் கேட்கிறான். காதலுக்காக என்று எண்ணி வணிகன் அவளைக் கொண்டுவந்து கரையில் விடுகிறான். டிராய் அரசன் பிரியாமின் குலத்தில் எஞ்சியிருந்த அந்தப் பெண்ணை அக்கிலீஸ் துண்டு துண்டாகக் கிழிக்கிறான். கப்பல் விலகும்போதே அவள் அலறல் கேட்கிறது. அன்றைய பக்தர்களின் அக்கிலீஸ் நங்கூரம் காட்டுபவன், கிழித்தெறிபவனும்கூட. இரண்டையும் ஒன்றாக வைத்துத்தான் அவனை நேசித்தார்கள்.

நேசம் நடிப்பாவதும் உண்டு. கி.மு. 334இல் ஆசியாவுக்குக் கடந்த அலெக்சாந்தர் அக்கிலீஸின் கல்லறைக்கு மாலை சூட்டினான். அவனுடைய நண்பன் ஹெஃபேஸ்டியன் பாட்ரோக்ளஸின் கல்லறைக்குச் சூட்டியதாகவும் ஒரு செய்தி உண்டு. கி.பி. 214இல் டிராய்க்கு வந்த பேரரசர் கரக்கல்லா இதை ஒரு படி மேலே கொண்டுபோனார். அக்கிலீஸாக நடிக்க அவருக்கு ஒரு பாட்ரோக்ளஸ் தேவைப்பட்டான். அவருடைய அன்புக்குரிய ஊழியர் ஃபெஸ்டஸ் அங்கே இறந்தார்; இந்தச் சடங்குக்காகவே நஞ்சூட்டப்பட்டார் என்று சிலர் சொன்னதாக ஹெரோடியன் எழுதுகிறார். சிதை மூட்டி, விலங்குகளைப் பலியிட்டு, அக்கிலீஸைப் போலத் தலைமுடியை அறுத்துத் தீயிலிடப் போனபோது, வழுக்கை விழுந்த தலையில் பேரரசர் முடியைத் தேடியதைக் கண்டு எல்லாரும் சிரித்தார்களாம்.

வலியைப் பகிரும் வீரன்

இன்றைய ரசிகர் வீரனிடம் காவல் கேட்பதில்லை; புரிதல் கேட்கிறார். இந்த மாற்றத்துக்கு ஒரு தெளிவான மைல்கல் உண்டு. பாஸ்டனில் வியட்நாம் போர் வீரர்களுக்குச் சிகிச்சை அளித்துவந்த மனநல மருத்துவர் ஜோனதன் ஷே, 1994இல் ‘வியட்நாமில் அக்கிலீஸ்’ என்ற நூலை வெளியிட்டார். தளபதியின் அநீதி, உற்ற தோழனின் மரணம், அதன்பின் கட்டவிழும் வெறி என்ற வரிசையைத் தம் நோயாளிகளின் வாக்குமூலத்திலும் இலியட்டிலும் ஒருசேரக் கண்டார். பரிசாகத் தரப்பட்ட பிரைசீஸ் என்ற பெண்ணைத் தளபதி அகமெம்னன் பறித்தது அக்கிலீஸின் கர்வத்தை மட்டும் தொடவில்லை, நியாயம் என்று அவன் நம்பியதையே முறித்தது என்பது அவர் வாசிப்பு. இதே பாதையில் பிரையன் டோரீஸ், சோஃபக்ளீஸின் ‘ஏஜாக்ஸ்’, ‘ஃபிலோக்டீட்டீஸ்’ நாடகங்களை அமெரிக்கப் படைவீரர்கள்முன் நடிகர்களைக்கொண்டு வாசிக்கவைத்தார். வாசிப்பு முடிந்ததும் வீரர்களும் குடும்பத்தாரும் எழுந்து தங்கள் கதையைச் சொல்வார்கள்.

பெர்சி ஜாக்சனும் இதே ஊற்றிலிருந்து வந்தவன். கவனக்குறைவுக் கோளாறும் எழுத்து வாசிப்பதில் தடுமாற்றமும் இருந்த தம் மகனுக்கு இரவில் சொல்லக் கிரேக்கக் கதைகள் தீர்ந்துபோனபோது ரியோர்டன் உருவாக்கிய சிறுவன் அவன். ஆங்கில எழுத்து அவன் கண்ணுக்குக் கலங்குவது, மூளை பழைய கிரேக்கத்துக்காக அமைந்ததால். சும்மா உட்கார முடியாதது, அது போர்க்கள அனிச்சை என்பதால். பள்ளி குறையென்று எழுதியதை நாவல் வீரனின் அடையாளமாக எழுதியது. அதைப் படித்த பிள்ளைகளுக்குக் கிடைத்த மகிழ்ச்சி சாதாரணமானதன்று.

ஆயினும், வீரன் நம்மைப் போன்றவன் என்று ஆனபின் நமக்கு ஒவ்வாதவை அவனிடமிருந்து உதிரத் தொடங்குகின்றன. 1997இல் வந்த டிஸ்னியின் ‘ஹெர்குலிஸ்’ ஹீராவைப் பாசமுள்ள தாயாக்கியது. மெகாராவைக் காதலியாக்கி அத்துடன் நிறுத்திக்கொண்டது. தொன்மத்தில் ஹீராதான் அவன் ஜென்மப் பகை. அவள் ஏவிய பித்தில் அவன் தன் பிள்ளைகளையே கொல்கிறான். சிறுவர் படத்தில் அதைக் காட்டமுடியாது என்பது நியாயமே. ஆனால், பெரியவர்களுக்கான படைப்புகளிலும் இந்தக் கத்தரிப்பு நடக்கிறது. மில்லரின் நாவலில் அக்கிலீஸ் சிறைப்பட்ட பெண்களைத் தன் பங்காகக் கேட்டு வாங்குவது, மற்றவர்களிடமிருந்து அவர்களைக் காக்க. அதுவும் பாட்ரோக்ளஸ் வேண்டியதால். இலியட்டின் இருபத்துமூன்றாம் பகுதியில் தோழனின் சிதையில் பன்னிரண்டு டிராய் இளைஞர்களைக் கழுத்தறுத்துப் போடும் அக்கிலீஸை ரசிகர்களின் சித்திரங்களில் காண்பது அரிது. ரிவேரா எர்ரான்ஸின் ஒடிசியஸ் மாயக்காரி சர்சியின் அழைப்பை மறுத்து மனைவிக்கு உண்மையாக இருக்கிறான். ஹோமரின் ஒடிசியஸ் அவளோடு ஓராண்டு தங்கி விருந்துண்டவன். கிளம்பலாம் என்று தோழர்கள்தான் நினைவூட்டவேண்டியிருந்தது.

பிரைசீஸின் முறை

கத்தரிப்பு ஒரு பக்கம் நடக்க, விட்டுப்போனதை மீட்கும் இன்னொரு ரசனையும் வளர்ந்திருக்கிறது. மார்கரெட் அட்வுட் 2005இல் ‘பெனிலோப்பியாட்’ எழுதி, ஒடிசியஸ் திரும்பியபின் தூக்கிலிடப்பட்ட பன்னிரண்டு பணிப்பெண்களைப் பேசவைத்தார். பேட் பார்க்கர் 2018இல் ‘பெண்களின் மௌனம்’ நாவலை, அக்கிலீஸுக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்ட பிரைசீஸின் வாயால் சொன்னார். அவள் கணவனையும் உடன்பிறந்தாரையும் இழந்தவள். அவர்களைக் கொன்ற முகாமிலேயே படுக்கவேண்டியவள். அவளுக்கு அக்கிலீஸ் நாயகன் அல்லன்.

இதுவும் முழுக்கப் புதிதன்று. ஓவிட் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ‘ஹீரோய்டீஸ்’ தொகுப்பில் பிரைசீஸ் அக்கிலீஸுக்கு எழுதும் கடிதமொன்றைப் பாடினார். ஆனால், அவருடைய பிரைசீஸ் அக்கிலீஸிடம் தன்னை மீட்டுக்கொள்ளுமாறு கெஞ்சுகிறாள். அடிமையாகவேனும் உடன் கொண்டுபோகச் சொல்கிறாள். இலியட்டில் அவள் நீளமாகப் பேசுவது ஒரே இடத்தில், பாட்ரோக்ளஸின் உடல்மேல் விழுந்து அழும்போது. சுற்றியிருந்த பெண்களும் பாட்ரோக்ளஸைச் சாக்காக்கித் தத்தம் துயரத்துக்காக அழுதார்கள் என்று ஹோமர் அங்கே சேர்க்கிறார். பார்க்கரின் நாவல் முழுவதும் அந்த ஒரே குறிப்பின் விரிவாகவே எனக்குத் தோன்றுகிறது.

மீட்பு சில வேளை அவசரத்திலும் முடியும். அர்ஜென்டினச் சிற்பி லூசியானோ கர்பாட்டி 2008இல் செய்த சிலையில் மெடூசா ஒரு கையில் வாளும், தொன்மத்தில் தன் தலையை வெட்டிய வீரன் பெர்சியஸின் தலை மறு கையிலுமாக நிற்கிறாள். 2020இல் அது நியூயார்க்கில் குற்றவியல் நீதிமன்றத்துக்கு எதிரே வைக்கப்பட்டபோது, பாலியல் வன்முறைக்கு எதிரான குரலாகப் பலர் அதைக் கொண்டாடினார்கள். மெடூசாவை வல்லுறவுக்கு ஆளாக்கியது பெர்சியஸ் அல்லன், ஓவிட் சொல்லும் கதைப்படி கடல்தெய்வம் நெப்டியூன், தண்டித்தது மினர்வா. தலை மாறிவிட்டதே என்று விமர்சகர்கள் கேட்டார்கள். வீரனைத் தலைகீழாக்கினாலும் தெய்வங்கள் தப்பிவிடுகின்றன என்பதை அந்தச் சிலை தன்னையறியாமல் காட்டிவிட்டது.

ரிவேரா எர்ரான்ஸின் இசை நாடகம் சர்சி விஷயத்தில் ஒடிசியஸை வெள்ளையடித்தாலும், தொடக்கத்திலேயே அவனை டிராய் இளவரசன் ஹெக்டரின் கைக்குழந்தையைக் கோட்டையிலிருந்து வீசவைக்கிறது. ஹோமரிடம் இல்லாத இச்செயலைக் கற்பனை என்று தள்ளமுடியாது. ‘டிராயின் அழிவு’ என்ற தொலைந்த காவியத்தின் சுருக்கத்தில் குழந்தையைக் கொல்பவன் ஒடிசியஸ்தான். எஞ்சிய முப்பத்துச் சொச்சம் பாடல்களிலும் இரக்கத்துக்கும் கொடூரத்துக்கும் இடையே அவன் அல்லாடுவதற்கு அந்த ஒரு செயலே காரணமாகிறது. இங்கே ரசிகர்கள் பாடிக்கொண்டாடுவது தங்களுக்கு வசதியான ஒருவனை அன்று.

எதைக்கொண்டு அளப்பது

மூலத்துக்கு நெருக்கமா, விலகலா என்ற அளவுகோல் கிரேக்க வீரர்கள் விஷயத்தில் பயன்படாது. அந்தக் கோலால் அளந்தால் ஈஸ்கிலஸும் யூரிப்பிடீஸும் ஸ்டேஷியஸும் முதலில் தோற்பார்கள். வேறொரு கோல் இருக்கிறது. ஒரு மறுகூறல் வீரனிடமுள்ள அச்சமூட்டும் பகுதியை என்ன செய்கிறது என்று கேட்கலாம். பழைய பக்தனுக்கு அதை மறைக்கத் தேவைப்படவில்லை, ஏனெனில் அவன் வீரனை முன்மாதிரியாகக் கொள்ளவில்லை; பலியிட்டுத் தணித்தான். இன்றைய ரசிகர் வீரனைத் தன் அருகில் உட்காரவைக்க விரும்புகிறார். அருகில் உட்காரவேண்டுமானால் கைகளைக் கழுவிவிட்டு வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. கழுவப்பட்ட அக்கிலீஸ் இனியவன், ஆனால் சிறியவன்.

எனவே, ஷேயின் மருத்துவ நூலும் பார்க்கரின் நாவலும் ஒடிசியஸைக் குழந்தையைக் கோட்டையிலிருந்து வீசவைக்கும் ரிவேரா எர்ரான்ஸின் பாடலும் ஒரே காரணத்துக்காக வலுவானவை. மூன்றும் வீரனின் வலியைக் காட்டுகின்றன. அந்த வலியால் அவன் பிறருக்குச் செய்ததையும் காட்டுகின்றன. மில்லரின் நாவலைப் படித்து அழுதவர்களில் பலர் அடுத்து இலியட்டைக் கையில் எடுக்கிறார்கள். அங்கே தாங்கள் நேசித்தவனைவிடக் கொடியவன் ஒருவனை, அதே பெயரில், அதே துயரத்தோடு சந்திக்கிறார்கள். அதைக் கண்டு விலகாமல் மேலும் படிப்பவருக்கு, மகனைக் கொன்றவனின் கையை முத்தமிட்டுப் பிணத்தைக் கேட்கும் பிரியாமின் பகுதி காத்திருக்கிறது. அந்தக் கை எத்தனை பேரைக் கொன்றது என்று தெரிந்தவருக்கே அந்த முத்தத்தின் எடை தெரியும். ரசிகர்கள் கதையை மாற்றட்டும். அது அவர்களின் பழைய உரிமை. அந்த எடையைக் குறைக்கும் மாற்றத்தைவிட அதைக் கூட்டும் மாற்றம் நெடுநாள் நிற்கும் என்பதற்கு, மெடியாவின் கையில் வாள் கொடுத்து மூன்றாம் இடம் பெற்ற யூரிப்பிடீஸே போதுமான சான்று.